கர்ப்பகால நீரிழிவுச் சோதனை: எந்த முறை யாரைத் தவறவிடுகிறது?

கர்ப்பிணி ஒருவருக்கு ஆறாம் மாதம் நெருங்கும்போது ரத்தச் சர்க்கரைச் சோதனை செய்துகொள்ளச் சொல்வது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. ஆனால் எந்தச் சோதனை என்று கேட்டால், பதில் நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, மருத்துவமனைக்கு மருத்துவமனையும் மாறுகிறது. ஓரிடத்தில் இரவு முழுதும் சாப்பிடாமல் வரச் சொல்லி, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்க வைத்து, மூன்று முறை ரத்தம் எடுக்கிறார்கள். இன்னோரிடத்தில் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்று சொல்லி, 50 கிராம் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ஒரே முறை எடுக்கிறார்கள். வேறோரிடத்தில், உங்களுக்கு ஆபத்துக் காரணி எதுவும் இல்லாததால் சோதனையே தேவையில்லை என்கிறார்கள். ஒரே பெண், ஒரே வாரத்தில், ஒரு மருத்துவமனையின் கணக்கில் நீரிழிவு உள்ளவராகவும் அடுத்த மருத்துவமனையின் கணக்கில் இல்லாதவராகவும் இருக்க முடியும். இதைக் கேட்கும் குடும்பத்தினர் குழம்புவது இயல்பு. இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு முறையையும் ஒரே கேள்வியை வைத்து அளந்து பார்க்கிறேன்: இது யாரைத் தவறவிடுகிறது, எந்தக் கட்டத்தில் தவறவிடுகிறது?

முதலில், ஏன் 24 முதல் 28 வாரம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. குழந்தைக்குத் தடையின்றிக் குளுக்கோஸ் கிடைப்பதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்டிவிடுகிறது. ஈடுகட்ட முடியாதவர்களின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும். தாயின் இன்சுலின் அப்படிக் கடப்பதில்லை. ஆகவே குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது, குழந்தை அளவுக்கு மீறிக் கொழுத்து வளர்கிறது. பிரசவத்தில் தலை வெளிவந்த பின் தோள் சிக்கிக்கொள்வதற்கும், பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. மிக முன்னதாகச் சோதித்தால் இந்த மாற்றம் இன்னும் முழுமை பெற்றிருக்காது. மிகத் தாமதித்தால் சிகிச்சைக்குக் காலம் போதாது.

கண்டுபிடிப்பதால் பயன் உண்டா என்ற ஐயத்துக்கு உறுதியான விடை இருக்கிறது. 2005இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 1000 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். சிகிச்சை பெற்ற பிரிவில் குழந்தை இறப்பு, தோள் சிக்குதல், எலும்பு முறிவு, நரம்புச் செயலிழப்பு ஆகிய கடுமையான சிக்கல்கள் 1 சதவீதமாகவும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 4 சதவீதமாகவும் இருந்தன. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, லேசான சர்க்கரை உயர்வு இருந்த 958 பெண்களிடம், அளவுக்கு மீறிப் பெரிதான குழந்தைகள், தோள் சிக்குதல், சிசேரியன், கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல்கள் ஆகியவை சிகிச்சையால் குறைந்ததைக் காட்டியது. பெரும்பாலோருக்கு உணவுக் கட்டுப்பாடும் சர்க்கரைக் கண்காணிப்புமே போதுமானவையாக இருந்தன. எனவே சோதிப்பதா வேண்டாமா என்பது இன்று பெரிய விவாதம் இல்லை. எப்படிச் சோதிப்பது, எந்த எண்ணில் கோடு கிழிப்பது என்பவையே விவாதம்.

அந்தக் கோடு இயற்கையில் இல்லை என்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம். 1964இல் ஓ’சல்லிவனும் மேகனும் பாஸ்டனில் 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்து முதல் அளவுகோலை வகுத்தபோது, எதிர்காலத்தில் எந்தத் தாய்க்கு நீரிழிவு வரும் என்பதையே அவர்கள் அளவாகக் கொண்டார்கள். குழந்தைக்கு என்ன நேரும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க, 9 நாடுகளின் 15 மையங்களில் ஹாப்போ என்னும் ஆய்வு நடத்தப்பட்டு 2008இல் வெளியானது. 23,000க்கும் மேற்பட்ட பெண்களின் முடிவுகளைக் கொண்ட அந்த ஆய்வு சொன்னது இதுதான்: தாயின் சர்க்கரை உயர உயர, குழந்தையின் எடையும் பிற சிக்கல்களும் சீராகவே உயர்கின்றன, இதற்குக் கீழே பாதுகாப்பு, இதற்கு மேலே ஆபத்து என்று சொல்லும்படியான திருப்பம் எங்கும் தென்படவில்லை. ஆகவே எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அது மனிதர்கள் கூடி எடுத்த முடிவாகவே இருக்கும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், முறைகளுக்கிடையே உள்ள முரண்பாடு அச்சுறுத்துவதாகத் தோன்றாது.

இன்று முதன்மையாகப் போட்டியிடும் முறைகள் இரண்டு. ஹாப்போவின் தரவுகளை வைத்து 2010இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்ததும், 2013இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டதுமான ஒரே கட்டச் சோதனை முதலாவது. குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து வெறும் வயிற்றில் ஒரு மாதிரி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்த பின் ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று என மூன்று மாதிரிகள். டெசிலிட்டருக்கு முறையே 92, 180, 153 மில்லிகிராம் என்பவை எல்லைகள். மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. (சில ஆய்வகங்கள் மில்லிமோலில் தரும், அதை 18 ஆல் பெருக்கினால் இந்த எண்கள் கிடைக்கும்.) இந்த முறையின் வலிமை, ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடுவதும், குழந்தைக்கு நேரும் விளைவை நேரடியாக அடிப்படையாகக் கொண்டிருப்பதும். இது தவறவிடுவது யாரை என்றால், வெறும் வயிற்றில் வர முடியாதவரை, காலையில் குமட்டல் மிகுந்து குடித்ததை வாந்தியெடுத்துவிடுபவரை, வேலையையோ சிறு குழந்தையையோ விட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க இயலாதவரை. வாசலுக்கு வந்துசேர்ந்தவரை அது தவறவிடுவது அரிது. பலரை வாசலுக்கே வரவிடாமல் செய்துவிடுகிறது.

இரண்டு கட்டச் சோதனை அதற்கு நேர்மாறானது. முதல் நாள் எப்போது வந்தாலும் 50 கிராம் குடித்து ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு மாதிரி தந்தால் போதும். அது 130, 135, 140 ஆகியவற்றில் அந்த மருத்துவமனை தேர்ந்துகொண்ட எண்ணைத் தாண்டினால் மட்டும், இன்னொரு நாள் வெறும் வயிற்றில் வந்து, 100 கிராம் குடித்து, மூன்று மணி நேரத்தில் நான்கு மாதிரிகள் தர வேண்டும். 95, 180, 155, 140 என்ற எல்லைகளில் இரண்டையேனும் தொட்டால்தான் நோய் என்று கொள்கிறார்கள். பெரும்பாலான பெண்கள் முதல் கட்டத்தோடு வீடு திரும்பிவிடுவதால் சுமை குறைவு. ஆனால் இங்கே இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. குடித்த பிறகான சர்க்கரை இயல்பாகவும் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் உயர்ந்தும் இருப்பவரை முதல் கட்டம் எளிதில் நழுவவிடும். இரண்டாம் நாளுக்கு அழைக்கப்பட்டும் வராமல் போகிறவர் இன்னொரு வகை. அவர் பெயர் ‘சோதிக்கப்பட்டவர்’ பட்டியலில் இருந்துவிடுகிறது, நோய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. இரண்டாம் வகையே எனக்குக் கூடுதலாகக் கவலை தருகிறது.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. அமெரிக்காவில் 23,792 கர்ப்பங்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டன. ஒரே கட்டப் பிரிவில் 16.5 சதவீதத்தினருக்கும் இரண்டு கட்டப் பிரிவில் 8.5 சதவீதத்தினருக்கும் நோய் கண்டறியப்பட்டது. அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. ஆயினும் அளவுக்கு மீறிப் பெரிதான குழந்தைகள், சிசேரியன், கர்ப்பகால ரத்த அழுத்தம், குழந்தைக்கு நேரும் சிக்கல்கள் ஆகிய எதிலும் இரு பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இதை வைத்து, ஒரே கட்டச் சோதனை தேவையில்லாமல் பெண்களுக்கு நோய்ப் பெயர் சூட்டுகிறது என்று சிலர் முடிவு கட்டினார்கள். அதே ஆய்வில் இருந்த வேறோர் எண்ணைப் பலர் கவனிக்கவில்லை. ஒரே கட்டப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 66 சதவீதத்தினர்தாம் அந்தச் சோதனையைச் செய்துகொண்டார்கள். இரண்டு கட்டப் பிரிவில் 92 சதவீதத்தினர் தமக்கு ஒதுக்கப்பட்ட முறையைப் பின்பற்றினார்கள். வெறும் வயிற்றில் வந்து இரண்டு மணி நேரம் அமர்வது என்பது ஒரு சிறு வசதிக்குறைவு மட்டுமில்லை, மூன்றில் ஒருவரை வேறு பக்கம் திருப்பிவிடும் தடை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைப் புள்ளியியல் முறையில் சரிசெய்து பார்த்தபோதும் விளைவுகளில் மாற்றம் தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் தெரிவித்ததையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

2022இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வு, சோதனை முறையை மாற்றாமல் எல்லைக் கோட்டை மட்டும் மாற்றிப் பார்த்தது. எல்லாரும் 75 கிராமே குடித்தார்கள். 4,061 பெண்களில் ஒரு பிரிவுக்கு மேற்சொன்ன தாழ்ந்த எல்லைகளும், இன்னொரு பிரிவுக்கு வெறும் வயிற்றில் 99, இரண்டு மணி நேரத்தில் 162 என்ற உயர்ந்த எல்லைகளும் வைக்கப்பட்டன. நோய் கண்டறியப்பட்டவர்கள் 15.3 சதவீதமும் 6.1 சதவீதமும். பெரிதான குழந்தைகளோ 8.8 சதவீதமும் 8.9 சதவீதமும், ஒட்டுமொத்தத்தில் பயனே இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சிக்கிய பெண்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் காட்சி மாறுகிறது: சிகிச்சை பெற்றவர்களில் 6.2 சதவீதத்தினருக்கும், நோயில்லை என்று விடப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கும் பெரிதான குழந்தை பிறந்தது. கோட்டைத் தாழ்த்துவதால் பயனடையும் பெண்கள் மக்கள்தொகையில் சிறு பங்கினர் என்பதால், மொத்தச் சராசரியில் அவர்கள் மறைந்துபோகிறார்கள். ஒரு நாட்டின் திட்டத்தை வகுப்பவர் முதல் எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது நியாயம். தன் ஒரு கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்கும் பெண் இரண்டாவது எண்ணைப் பார்ப்பதும் அதே அளவு நியாயம். அதே நேரம், தாழ்ந்த எல்லைப் பிரிவில் வலி தூண்டிப் பிரசவம் நடத்துவதும் மருந்துகளின் பயன்பாடும் மருத்துவமனை வருகைகளும் கூடின என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, டிப்சி என்று அழைக்கப்படும் இந்திய நீரிழிவு–கர்ப்ப ஆய்வுக் குழு முன்வைத்து, அந்நாட்டின் அரசு வழிகாட்டுதலிலும் இடம்பெற்ற முறை இருக்கிறது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குடித்து, இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் ஒரே மாதிரி 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய். முதல் வருகையில் ஒரு முறையும், அது இயல்பாக இருந்தால் 24–28 வாரத்தில் மறுபடியும் செய்கிறார்கள். நெடுந்தூரம் பயணம் செய்து வரும் பெண்ணை ‘நாளை வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால் அவர் திரும்பி வராமலேயே போகலாம் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம், அது சரியான எண்ணம். இது தவறவிடுவது வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் உயர்ந்திருப்பவர்களை. வெறும் வயிற்றுச் சோதனையோடு ஒப்பிட்ட ஆய்வுகள், அப்படித் தவறும் பெண்கள் கணிசமானவர்கள் என்று காட்டியிருக்கின்றன. வெறும் வயிற்றில் வர முடிகிற ஒருவர் இந்த முறையைத் தேர்வதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. வர முடியாதவருக்கோ, எந்தச் சோதனையும் இல்லாமல் பிரசவத்துக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேலானது.

ஆபத்துக் காரணி உள்ளவர்களை மட்டும் சோதிப்பது இன்னொரு வழி. பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் இவ்வாறுதான் சொல்கிறது: உடல் நிறை குறியீடு 30க்கு மேல், முந்தைய குழந்தை 4.5 கிலோ அல்லது அதற்கு மேல், முந்தைய கர்ப்பத்தில் நீரிழிவு, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு நீரிழிவு, நீரிழிவு மிகுதியாகக் காணப்படும் இனத்தைச் சேர்ந்தவர் ஆகியோருக்குச் சோதனை. தேவையற்ற ஊசிக்குத்துகள் குறைகின்றன என்பது உண்மை. ஆனால் முதல் கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பட்டியலில் இரண்டு கேள்விகளுக்கு விடையே கிடையாது. பெற்றோருக்கு நீரிழிவு இருப்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ஒல்லியான, இளவயதுப் பெண்ணுக்கும் இந்த நோய் வருகிறது. பட்டியலில் கடைசியாக வரும் இனக் காரணம் தமிழ்ப் பெண்கள் உட்படத் தெற்காசிய வம்சாவளியினர் அனைவரையும் உள்ளடக்கிவிடுவதால், இதைப் படிக்கும் பலருக்கு இந்த வழியும் எல்லாருக்கும் சோதனை என்பதும் நடைமுறையில் ஒன்றுதான்.

குறுக்குவழிகளைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். சிறுநீரில் சர்க்கரை பார்ப்பது பயனற்றது; கர்ப்பத்தில் நோயில்லாதவர்களின் சிறுநீரிலும் குளுக்கோஸ் வெளியேறுவதுண்டு. மூன்று மாதச் சராசரி என்று சொல்லப்படும் எச்பிஏ1சி சோதனை, கர்ப்பத்தில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதாலும் ரத்தசோகையாலும் திரிந்துபோகிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முன்பே நீரிழிவு இருந்திருக்கிறது என்று சொல்ல உதவுமே தவிர, 24–28 வாரச் சோதனைக்கு அது மாற்றாகாது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரின் பன்னாட்டுத் தரமே, 100க்குக் கீழே 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ காட்டுவதை ஏற்கிறது. உண்மையில் 92 இருப்பவருக்கு 80 என்று காட்டினாலும் அந்தக் கருவி தரத்துக்கு உட்பட்டதே. சிகிச்சையின்போது அன்றாடக் கண்காணிப்புக்கு அது அருமையான துணை, நோயைத் தீர்மானிக்க அன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதாதா என்றால், ஹாப்போவில் கண்டறியப்பட்டவர்களில் மொத்தமாக 55 சதவீதத்தினர் அந்த ஒரு மாதிரியிலேயே பிடிபட்டார்கள். பாங்காக், ஹாங்காங் மையங்களிலோ அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

இருபது வாரத்துக்கு முன்பே சோதிக்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது. முந்தைய கர்ப்பத்தில் நீரிழிவு இருந்தவருக்கும் பருமன் மிகுந்தவருக்கும், கர்ப்பத்துக்கு முன்பே ஒளிந்திருந்த நீரிழிவைக் கண்டுபிடிக்க முதல் வருகையிலேயே சோதிப்பது சரியே. அதைவிட லேசான உயர்வைத் தொடக்கத்திலேயே சிகிச்சை செய்வதால் என்ன பயன் என்பதை 2023இல் வெளியான ஆய்வு பார்த்தது. ஆபத்துக் காரணிகள் உள்ள சுமார் 800 பெண்களிடம், குழந்தைக்கு நேரும் சிக்கல்கள் 30.5 சதவீதத்திலிருந்து 24.9 ஆகக் குறைந்தன. அதே ஆய்வில், சிகிச்சை பெறாமல் விடப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு 24–28 வாரத்தில் மறுபடி சோதித்தபோது நோயே இல்லை. ஆகவே ஆபத்துக் காரணி ஏதும் இல்லாதவர் முன்கூட்டியே சோதிக்கும்படி வற்புறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து.

எந்த முறையானாலும், ரத்தம் எடுத்த பிறகு குழாயில் நடப்பதைப் பற்றி நோயாளியிடம் யாரும் பேசுவதில்லை. அது மிகுந்த முக்கியத்துவம் உடையது. குழாயிலுள்ள ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தொடர்ந்து உண்டுகொண்டிருப்பதால், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறைகிறது. இதைத் தடுக்கச் சேர்க்கும் ஃபுளோரைடு முழுமையாகச் செயல்பட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகிறது. உண்மையில் 94 இருந்த ஒருவரின் மாதிரி ஒரு மணி நேரம் மேசைமேல் கிடந்தால் 88 ஆகிவிடும். 92 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டதால் அவர் நோயற்றவராக வீடு திரும்புவார். பனிக்கட்டியில் வைத்து அரை மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிப்பதோ, விரைந்து செயல்படும் சிட்ரேட் கலந்த குழாய்களைப் பயன்படுத்துவதோ இதைத் தவிர்க்கும். 92க்கும் 95க்கும் இடையே ஆண்டுக்கணக்கில் வாதிடும் நாம், குழாய் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று கேட்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. மாதிரியை அங்கேயே பரிசோதிக்கிறார்களா, வேறிடத்துக்கு அனுப்புகிறார்களா என்று கர்ப்பிணியோ உடன் வருபவரோ கேட்பதில் தவறேதும் இல்லை.

இவை அனைத்தையும் வைத்து நான் எடுக்கும் முடிவு இதுதான். வெறும் வயிற்றில் வந்து இரண்டு மணி நேரம் அமர முடிகிறவர் ஒரே கட்டச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. குறிப்பாக ஆபத்துக் காரணி ஒன்றேனும் உள்ளவருக்கு அதன் மூன்று மாதிரிகளும் தரும் தகவல் மதிப்புள்ளது. மருத்துவமனை இரண்டு கட்ட முறையைத்தான் பின்பற்றுகிறது என்றால், அதற்காக மருத்துவரை மாற்ற வேண்டியதில்லை. முதல் கட்டத்தில் எல்லையைத் தாண்டினால் ஒரு வாரத்துக்குள் இரண்டாம் கட்டத்தை முடித்துவிட வேண்டும், நூறு கிராம் சோதனையில் ஒரே ஒரு மாதிரி உயர்ந்திருந்தாலும் ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். சோதனைக்கு முந்தைய மூன்று நாள்கள் வழக்கம்போலச் சாப்பிடுவதும், சர்க்கரை கூடிவிடுமோ என்று பயந்து உணவைக் குறைக்காமல் இருப்பதும் அவசியம். வாந்தியெடுத்துவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அது சர்க்கரையைத் தற்காலிகமாக ஏற்றும் என்பதால் சோதனையைச் சில நாள்கள் தள்ளிவைப்பார்கள். உடல் எடை குறைக்க இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்குக் குளுக்கோஸ் கரைசலே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவருக்கு மட்டும், வீட்டிலேயே ஒரு வாரம் குளுக்கோமீட்டரில் உணவுக்கு முன்னும் பின்னும் அளப்பதுதான் சரியான மாற்று. 28 வாரம் கடந்துவிட்டவர், காலம் போய்விட்டது என்று நினைத்துச் சோதனையைக் கைவிடக் கூடாது. 32ஆம் வாரத்தில் கண்டறிந்தாலும் பிரசவத்தைத் திட்டமிடவும், பிறந்த குழந்தையின் சர்க்கரையைக் கவனிக்கவும் போதிய காலம் இருக்கிறது.

நோய் கண்டறியப்பட்டவர், குழந்தை பிறந்து 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் இதே தேர்வின் முன் நிற்கிறார். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவரைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்று 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போது வெறும் வயிற்று மாதிரி மட்டும் எடுத்தால் எளிது, ஆனால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தவறவிடும். எச்பிஏ1சி, பிரசவத்தில் ஏற்பட்ட ரத்த இழப்பால் அந்தக் காலத்தில் நம்பத்தக்கதில்லை. 75 கிராம் சோதனை எல்லாவற்றையும் பிடிக்கும், ஆனால் கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இங்கேயும் நான் 75 கிராமையே சொல்வேன். குழந்தையின் தடுப்பூசி நாளோடு சேர்த்து, அந்த இரண்டு மணி நேரமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்வதற்கு, பிரசவத்துக்கு முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.